எல்லைக்குள் இருந்த அளவுகள்

அண்ணனை அடக்கம் செய்த அதே வாரத்தில் அவனுடைய வள்ளத்தின் எஞ்சினைக் கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். உள்ளே மணலும் உப்புத்தண்ணீருமாக ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. மதினி அதைப் பார்க்காமல் பின்பக்கக் கதவு வழியாகவே போய் வந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீடு ராமேஸ்வரம் தீவின் வடகரையில் இருக்கிறது. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் எஞ்சின் ஓடாத வள்ளத்தைக் கடல் கரைக்குத்தான் தள்ளும். அன்றும் அப்படித்தான் நடந்திருக்கிறது. அண்ணனோடு போய் உயிரோடு திரும்பிய கூட்டாளி துக்க வீட்டில் உட்கார்ந்து சொன்னார்.

"ராத்திரி வலயப் போட்டுட்டு எஞ்சின அமத்துனோம். விடியக்கால வல இழுக்குறதுக்குள்ள மழ பிடிச்சிருச்சு. அதுக்கப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்ல. மாத்தி மாத்திக் கைப்பிடியச் சுத்துறோம், வெள்ளப் புகதான் வருது. நங்கூரமும் நிக்கல. பாருல கொண்டுபோய் மோதிருச்சு. அலை தூக்கிக் கவுத்தப்பகூட அவன் கைப்பிடிய விடல."

எங்கள் கரையில் பார் என்றால் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பாறைத் திட்டு. தலையில் அடிபட்டு அண்ணன் போய்விட்டான்.

அந்த எஞ்சினைச் சில வாரங்களுக்கு முன்புதான் ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் பிரித்து, புதிய பிஸ்டன், லைனர், கேஸ்கெட் எல்லாம் போட்டு வாங்கியிருந்தான். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"பழைய சாமானப் போட்டு ஏமாத்திப்புட்டான். நாளைக்குப் போறோம். அந்தப் பட்டற இருக்கக் கூடாது." உறவுக்காரர்கள் சிலர் அதற்குத் தயாராகவும் இருந்தார்கள்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, சென்னைப் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். "அய்யா, முதல்ல நான் பிரிச்சுப் பாத்துர்றேன். அவரு மேல தப்புன்னா நானே கூட வாரேன்" என்றேன். அப்பா ஒத்துக்கொண்டார். ஆள் யாரென்று மகள் கண்டுபிடித்துச் சொல்வாள் என்று அவர் நம்பினார். சொல்லப்போனால் எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது.

கூட்டாளியும் நானும் எஞ்சினைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினோம். ரிங் புதியது. வால்வு ஒழுகவில்லை. டீசல் பம்பும் நன்றாக இருந்தது. பழைய சாமான் ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தது காற்றின் அழுத்தம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்க நெருக்க அது சூடாகி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றும். நெருக்கம் குறைந்தால் சூடு குறையும். ஈரமான குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகைதான் வரும்.

எவ்வளவு நெருக்குகிறது என்று கணக்குப் போடலாம். பிஸ்டன் அடியில் நிற்கும்போது மேலே இருக்கும் மொத்த இடத்தை, உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கிய ஊசிக்குழாயால் பிஸ்டன் தலையிலுள்ள குழியில் எண்ணெய் நிரப்பிக் கொள்ளளவை எடுத்தேன். பிஸ்டனுக்கும் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே ஈயக் கம்பியை வைத்து நசுக்கி இடைவெளியை அளந்தேன். பதினேழரை மடங்கு நெருக்க வேண்டிய எஞ்சின் பதினாறுகூட நெருக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பாகமாக அளந்தேன். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் தகடு கொஞ்சம் தடிமன். பிஸ்டன் மயிரிழை குட்டை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடும் அப்படியே. சிலிண்டர் இருக்கும் பிளாக் சற்று உயரம். பிஸ்டன் குழி ஒரு சொட்டு ஆழம். எதை எடுத்தாலும், கூடக்குறைய இவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் விட்டிருந்த எல்லைக்குள்தான் இருந்தது. ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து சரிக்கட்டும் என்ற நம்பிக்கையில்தான் அந்த எல்லையைப் போடுகிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். அண்ணனுக்குக் கிடைத்தவை எல்லாமே இடைவெளியைக் கூட்டும் பக்கமாகவே ஒதுங்கியிருந்தன. எங்கள் தொழிற்சாலைக்கு இவை வந்திருந்தால் ஒவ்வொன்றையும் சரி என்றுதான் நானும் அனுப்பியிருப்பேன்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "யாருத்தா?"

"யாருமில்லய்யா. ஒவ்வொண்ணும் சரியா இருக்கு. சேந்தப்பதான் கெட்டுப்போச்சு."

"எல்லாம் சரியா இருந்தா எம்மகன் எப்பிடித்தா செத்தான்?"

கடைசியாக இடைவெளியைப் பட்டறைக்காரர் ஒரு தடவை அளந்திருக்கலாம் என்று என் வாய்வரை வந்தது. ஆனால் இந்தக் கரையில் யாரும் அதைச் செய்வதில்லை. மாட்டுவார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். பட்டறையில் உச்சிவெயிலில் ஓட்டிப் பார்த்தபோது இந்த எஞ்சினும் ஓடித்தான் இருக்கும். நான் வாயைத் திறந்தால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். எஞ்சின் பிடித்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பானா என்பதுகூட எனக்கு உறுதியில்லை. கழற்றிய பாகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"படிச்சு என்னத்தா புண்ணியம்" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். பட்டறைக்கு யாரும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

மறுநாள் மதினிதான் முதல் முறையாக எஞ்சின் பக்கம் வந்தாள். கூட்டாளி சொல்லி எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "மெல்லிசா ஒரு கேஸ்கெட் போட்டா ஓடுமா?"

"ஓடும் மதினி."

"அப்பப் போட்டுரு. வித்துருவோம். பிள்ளைகளுக்குச் சோறு வேணும்ல."

மெல்லிய கேஸ்கெட்டை மாட்டி, பிஸ்டன் ஹெட்டில் இடிக்கவில்லை என்று நான் பார்த்து முடித்ததும், மதினியே கைப்பிடியைப் பிடித்தாள். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வீட்டுக்குள்ளிருந்து அப்பா போட்ட ஓலம் தெருவுக்கே கேட்டது. மதினி எஞ்சினை அமர்த்தவில்லை. கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு, அது ஓட ஓடத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

தொண்டியிலிருந்து வந்த ஒருவர் எஞ்சினை வாங்கிக்கொண்டார். நடந்ததை மதினி அவரிடம் ஒளிக்கவில்லை. அவர் தானே ஒரு தடவை கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். அப்பா வெளியே வரவில்லை. அன்று சாயங்காலம் நான் சென்னைக்குப் புறப்பட்டேன்.