ஆன் ஆக மறுத்த பிரேக்கர்

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் வேலை, அவ்வளவுதான். வேலையும் அப்படிப்பட்டது. மில்களிலும் தொழிற்சாலைகளிலும் இருக்கிற பெரிய சர்க்யூட் பிரேக்கர்களைச் சோதித்துச் சரிபார்த்துக் கொடுப்பது. பிரேக்கர் என்றால் வீட்டு சுவிட்ச் செய்கிற வேலையைத்தான் செய்யும், என்ன, பீரோ அளவுக்கு இருக்கும், பதினோராயிரம் வோல்ட்டைத் தாங்கும். பதினாறு வருடமாக இதைத்தான் செய்கிறேன். மீட்டர் காட்டினால் உண்டு, காட்டாவிட்டால் இல்லை என்று இருந்தவள். அதனால் இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆடிக் கிருத்திகை அன்று நடந்தது. திருத்தணிக்கு வெளியே, பள்ளிப்பட்டு போகிற பக்கம் ஒரு நூல் ஆலை. அன்றைக்கு ஆள் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள், ரோடு முழுக்கக் காவடிக் கூட்டம், அதனால் வருடாந்தரப் பராமரிப்பை அன்றைக்கே வைத்துக்கொள்வார்கள். காலை ஏழு மணிக்கு லைனை நிறுத்திவிட்டோம். நான்கு மணிக்குக் கரண்ட் கொடுத்தாக வேண்டும். என்னோடு குணசேகர் வந்திருந்தார். ஆர்.கே.பேட்டைக்காரர், பத்து வருடமாக எங்கள் டெஸ்டிங் வண்டியில் என்னோடு வருகிறவர். ஆலை தரப்பில் எலெக்ட்ரிகல் இன்சார்ஜ் தேவராஜ் சார்.

இரண்டாவது ஷெட்டுக்குப் போகிற பிரேக்கரைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, எல்லா டெஸ்டும் எடுத்தோம். ஒரு குறை இல்லை. புது பிரேக்கர் கூட சில சமயம் அப்படி அளவு காட்டாது. வெளியே, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற யார்டில் வேலை பார்த்த ஒப்பந்த ஆட்களும் முடித்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்று தேவராஜ் சார் பேப்பரைக் காட்டினார். பாதுகாப்புக்காக மாட்டியிருந்த எர்த்தையும் எடுத்தாகிவிட்டது. மணி இரண்டேகால்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம், ஆன் பண்ணுவதற்கு முன்னால் சத்தமாக ஒரு தடவை கேட்பது. "எல்லாரும் கிளியரா?" என்று கேட்டேன். பேனல் அறைக்குள் என்னோடு இருந்த இரண்டு பேரும் "ஆங்" என்றார்கள். பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

இது பெரிய விஷயமில்லை, அடிக்கடி வருவதுதான். பிரேக்கர் உட்கார்ந்திருக்கிற சக்கர வண்டியைக் கூண்டிலிருந்து பாதி வெளியே இழுத்து, லைனைத் தொடாத நிலையில் வைத்து ஆன் பண்ணினேன். தடார் என்று விழுந்தது, அதாவது ஆன் ஆனது. ஐந்து தடவை போட்டேன், ஐந்து தடவையும் விழுந்தது. உள்ளே தள்ளி, மறுபடி கேட்டு, மறுபடி அழுத்தினேன். விழவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால், ஆன் பண்ணுகிற காயிலுக்குக் கரண்ட் வருகிறது. பிரேக்கரைத் தள்ளிவிடுகிற ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கிறது. கரண்டே வேண்டாம் என்று, மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டு, முகப்பில் இருக்கிற குமிழைக் கட்டைவிரலால் நானே அழுத்தினேன். அதுவும் நகர்ந்து உள்ளே போகிறது, பிரேக்கர் மட்டும் அப்படியே நிற்கிறது.

"மேடம், ஸ்பேர் வண்டி ஒண்ணு கீதே, அத்த போட்டுப் பாத்துடலாமா?" என்றார் குணசேகர்.

ஸ்பேரையும் காலையிலேயே டெஸ்ட் பண்ணியிருந்தோம். இதை உருவி அதை உள்ளே தள்ளி, "எல்லாரும் கிளியரா?" என்று கேட்டுவிட்டு அழுத்தினேன். நம்பினால் நம்புங்கள், அதுவும் விழவில்லை. வெளியே பாதி இழுத்தால் விழுகிறது. உள்ளே போனால் இல்லை.

எனக்குப் பயமெல்லாம் வரவில்லை, ஒரு குறுகுறுப்புதான் வந்தது. இரண்டு வேறு வேறு பிரேக்கர், ஒரே கோளாறு. அப்படியென்றால் கோளாறு பிரேக்கரில் இல்லை. கூண்டுக்குள் டார்ச் அடித்து, தடுக்கிற கம்பி ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மிச்சம் இருப்பது கூண்டுக்குப் பின்னாலிருந்து யார்டு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகிற கேபிள்தான். ஆனால் கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு எந்த வழியும் இல்லை.

"நான் யார்டு வரைக்கும் போயி பாத்துட்டு வரேன் சார்" என்றேன்.

"அதுக்கும் இதுக்கும் இன்னா மேடம் சம்பந்தம்?" தேவராஜ் சாருக்கு முதலாளியிடமிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருந்தது. "மணி மூணே கால் ஆவுது."

"சம்பந்தம் ஒண்ணும் இல்ல சார். சும்மாதான்."

ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யார்டு, ஷெட்டுக்குப் பின்பக்கம், இருநூறு மீட்டர் இருக்கும். ரோட்டில் ஸ்பீக்கர், பம்பை, அரோகரா சத்தம், பக்கத்தில் நிற்பவர் பேசினால் கூடக் காதில் விழாது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். கேபிள் வந்து சேர்கிற பெட்டியின் மூடி திறந்திருந்தது. அதற்குள் ஒரு மனிதர், தோள் வரைக்கும் இரண்டு கையும் உள்ளே விட்டு, தலையையும் நுழைத்துக்கொண்டு போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அவர் பெயர் வெங்கடேசு. பள்ளிப்பட்டுக்காரர், ஐம்பது வயது இருக்கும். காலையில் வந்த ஒப்பந்த ஆட்களில் ஒருவர். கையெழுத்துப் போட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்று மனசு உறுத்த, வேனில் ஏறாமல் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். போல்ட்டின் மரை போயிருந்தது, அதை எடுத்து வேறு போடுவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் நான்கு தடவை அழுத்தினேன். அதில் ஒரு தடவை, சொன்னேனே, என் கட்டைவிரலால்.

"யாரக் கேட்டு உள்ள கைய வுட்டீங்க? எங்களாண்ட சொல்ல வேணாமா?" என்று கத்தினேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "சொல்லிகினுதான மேடம் இருந்தேன். நீங்க நாலு வாட்டி கேட்டீங்க, நாலு வாட்டியும் இன்னும் ஆவலன்னு சொன்னேனே?"

"நானா? நான் எங்க கேட்டேன்?"

"எல்லாரும் கிளியரான்னு. இதே கொரலுதான். பின்னாடி நின்னுகினு கேட்டீங்க. தல உள்ள இருந்துச்சு, திரும்பிப் பாக்க முடியல."

ஒரு பழுதை எப்படித் துருவுவேனோ அப்படித்தான் அவரைத் துருவினேன். எந்தப் பக்கமிருந்து வந்தது? இடது தோள்பட்டைக்குப் பின்னால். எவ்வளவு சத்தமாக? பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி. ஸ்பீக்கரில் வேறு யாராவது சொன்னதாக இருக்குமோ? அவர் தலையை ஆட்டினார். "மூணாவது வாட்டி கொஞ்சம் எரிச்சலா கேட்டீங்க. மேடத்துக்குக் கோவம் வந்துடுச்சு போலன்னு நெனச்சிகினு வேகமா முறுக்கனேன்." மூன்றாவது தடவை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அது குணசேகருக்கே தெரிந்திருக்காது.

பேனல் அறையின் கதவு அதுவரைக்கும் மூடித்தான் இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் அங்கிருந்து யார்டு வரைக்கும் வருமா என்றும் சோதித்துப் பார்த்தேன். குணசேகரை உள்ளே நிற்க வைத்துக் கத்தச் சொல்லி, நான் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்று கேட்டேன். அரோகராதான் கேட்டது.

வெங்கடேசு போல்ட்டை முடித்து, பெட்டியை மூடினார். அவரைக் கையோடு பேனல் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து என் எதிரில் நிற்க வைத்தேன். யார்டில் வேறு யாரும் இல்லை என்றும் பார்த்தாகிவிட்டது. முதலில் இருந்த பிரேக்கரையே மறுபடி உள்ளே தள்ளினோம். கேட்டேன், மூன்று பேரும் "ஆங்" என்றார்கள், அழுத்தினேன். முதல் அழுத்தலிலேயே விழுந்தது. மணி நான்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. தேவராஜ் சார் முதலாளிக்குப் போன் போட்டார், வெங்கடேசுவின் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் நானே கேட்டு மறுபடி போனேன். இரண்டு பிரேக்கரையும் பிரித்துப் போட்டு, ஐம்பது ஐம்பது தடவை ஆன் பண்ணிப் பார்த்தேன், உள்ளேயும் வெளியேயும். ஒரு தடவை கூட அடம்பிடிக்கவில்லை. ரிப்போர்ட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். என் பதினாறு வருடத்தில் அப்படி எழுதியது அந்த ஒன்றுதான்.

இதுவரைக்கும் கூட எப்படியோ மனதைச் சமாதானப்படுத்திவிடுவேன். இரண்டு பிரேக்கரும் ஒரே நாளில் சண்டித்தனம் செய்தன, அவர் ஏதோ பிரமையில் கேட்டார் என்று. ஆனால் ஆடிக் கிருத்திகை அன்றைக்கே, நாங்கள் கிளம்பும்போது வெங்கடேசு கேட் வரைக்கும் வந்தார். கும்பிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. கடைசியா கேட்டீங்கல்ல, அப்போ நான் உங்க மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். கொரலு வந்துச்சு. உங்க வாயி அசையல."

சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டேன். திருத்தணி பைபாஸ் தாண்டியதும் குணசேகரிடம் கேட்டேன், கடைசித் தடவை நான் கேட்டேனா என்று. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் வேகத்தைக் குறைத்தார். பிறகு, "கேட்டுச்சு மேடம். ஆனா அப்போ கதவு தொறந்திருந்துச்சு இல்ல, வெளிய யார்டு பக்கமிருந்து வந்தா மாதிரி இருந்துச்சு. அதான் யாரு கேட்டாலும் சரின்னு ஆங்னேன்" என்றார்.

எனக்கு நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது. அதாவது, அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறது. இப்போதெல்லாம் ஆன் பண்ணுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது இடது கை விரல்களை உதட்டின் மேல் வைத்துக்கொள்கிறேன். பார்க்கிறவர்கள் ஏதோ ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் உதடு அசைந்திருக்கிறது.