வலை நூலும் மஞ்சள் விளக்கும்

என் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு துண்டு நீல வலை நூல் கிடக்கிறது. எண்ணெய் ஊறி விறைத்துப்போனது. தூக்கியெறிய மனசு வரவில்லை. அதைப் பார்த்தாலே அண்ணியின் குரல் கேட்கும், கூடவே சிரிப்பும் வந்துவிடும்.

என் அண்ணனின் மனைவிதான் லைட்ஹவுஸ் குப்பத்தில் முதன்முதலாக வேன் ஓட்டிய பெண். பசியாவரத்துப் பெண்களிடம் உயிர் நண்டு வாங்கிப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவள் கனவு. முதல் லோடு கிளம்பவிருந்த வாரம் பார்த்து எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்தில் உதறியது. கடலுக்குப் போகிற அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் அவ்ளோதான். இந்த லோடு ஒழுங்காப் போய்ச் சேரலன்னா வண்டிய வித்துடலாம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். லோடு நாளன்று அண்ணி நண்டுச் சாக்குகளை வண்டியில் அடுக்கினாள். "நீ வா பாப்பா" என்று என்னை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டாள்.

பாதி வழியில் வண்டி நின்றேவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஈரச் சாக்குகளுக்குள் நண்டுகள் பிராண்டிக்கொண்டிருந்தன. சாக்கு காய்ந்தால் நண்டு சாகும். செத்த நண்டை எவனும் தொட மாட்டான். வண்டிக் கோளாறைக் காட்டும் என்று நான் ஆசைக்கு வாங்கிய ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகிப் போனில் பார்த்தேன். கோளாறு எண் P0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.

"ஃபுல் டேங்க் போட்டேனே, இன்னா கம்மின்றே?" என்று அண்ணி சீறினாள்.

மறுபடி கிளப்பச் சொன்னேன். வண்டியின் கம்ப்யூட்டர் ஈடுகட்டக் கூடுதலாக விடும் பெட்ரோலின் அளவு போனில் ஓடியது. சும்மா நிற்கையில் எகிறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இறங்கியது. பம்ப் பழுதாக இருந்தால் மிதிக்க மிதிக்க அல்லவா ஏற வேண்டும்! "பெட்ரோல் இல்ல அண்ணி, காத்து! எங்கயோ திருட்டுக் காத்து உள்ள பூருது!" என்று கத்தியேவிட்டேன்.

அண்ணி பானெட்டுக்குள் குனிந்து ரப்பர் குழாய்களைத் தடவினாள். காற்றை அளக்கும் சென்சாரைத் தாண்டிய குழாயின் அடிப்பக்கத்தில் கை நின்றது. கிழிசலைச் சுற்றி நீல வலை நூல், அத்தனை நெருக்கமாக, அத்தனை அழகாக.

"அடப்பாவி! இது உங்கண்ணன் கட்டு!"

படகு மோட்டாருக்குக் கட்டிப் பழகிய கை. அந்தப் பழைய மோட்டாரில் கம்ப்யூட்டர் கிடையாது, கொஞ்சம் காற்று கசிந்தாலும் கண்டுகொள்ளாது. வேனோ ஒவ்வொரு மூச்சுக்கும் கணக்குப் பார்க்கும். அண்ணி இரண்டு கைகளாலும் கட்டை இறுகப் பொத்தினாள். உதறல் நின்றது. போனில் பெட்ரோல் எண் மளமளவென்று இறங்கியது. "இறங்குது அண்ணி! உடாத, உடாத!" என்று நடுரோட்டில் குதித்தேன். அப்படி ஒரு சந்தோஷம்! நூலை அறுத்துவிட்டு, சாக்கு கட்டியிருந்த சைக்கிள் ட்யூபை இழுத்துச் சுற்றிக்கொண்டு பறந்தோம். பொன்னேரியில் கட்டு அவிழ்ந்த ஒரு நண்டு, வியாபாரியின் விரலைக் கவ்வியது. அவர் அலறினார். அண்ணிக்கு முகமெல்லாம் பல்.

சாயங்காலம் நூலை அண்ணன் மடியில் போட்டாள். "உன் படகுல இன்னா வேணா கட்டிக்கோ. என் வண்டில கைய வச்சே, அவ்ளோதான்!" விற்கிற பேச்சு அதோடு ஒழிந்தது. அந்த நூலை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்று காலை என் காரில் அதே மஞ்சள் விளக்கு. ஸ்கேனரில் அதே P0171. உடனே அண்ணிக்குப் போன் போட்டேன். நான் முழுக்கச் சொல்லக்கூட இல்லை.

"ஞாயித்துக்கெழம உங்கண்ணன் அங்க வந்தாரே, கைய கிய்ய வச்சாரா?"

பானெட்டைத் திறந்து குழாயின் அடியில் விரலை விட்டேன். நூல். புது நூல்.