மாலை கட்டியாயிற்று, பிள்ளை வரவில்லை

போன தை மாதம் ஈச்சிலம்பற்றுப் பக்கம் போய் வந்தேன். என் தங்கை சுமதி அங்கே ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அதிபர், ஆசிரியையும் அவளேதான். முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளை வருகிறது, அதை வரவேற்கிற கால்கோள் விழாவுக்கு வாங்கோ அக்கா என்று போனில் கூப்பிட்டாள். கலியாண வீட்டுக்காரி மாதிரிக் குரல். வெருகல் முருகனையும் கும்பிட்டு வரலாமே என்று வெளிக்கிட்டேன்.

சாம்பல்தீவில் விடிய ஐந்து மணிக்கு ஏறி, திருகோணமலையில் பஸ் மாறி, மூதூர் தாண்டி இறங்க எட்டரை. (கிண்ணியாப் பாலத்தில் கடல் பார்க்க இடப்பக்க யன்னலில் இருங்கள்.) பிறகு ஓட்டோவில் மூன்று கிலோமீற்றர், நானூறு ரூபாய்.

"அந்தப் பள்ளிக்கூடமோ அம்மா? அங்க பிள்ளையள விட ஆடுகள் கூட," என்றான் ஓட்டோக்காரத் தம்பி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மொத்தம் ஏழு பிள்ளைகள், மூன்றே வீட்டார். அதில் மூன்று பேர் ஐந்தாம் வகுப்பு. வருசக் கடைசியில் போய்விடுவார்கள். முதலாம் வகுப்புக்கு ஆள் சேராவிட்டால் மூடுவோம் என்று மேலிடம் சொல்லியாயிற்று. மூடினால் மிச்சமுள்ள சின்னதுகள் யானை திரிகிற ரோட்டால் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும்.

புதுப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளை மாலை போடுவதுதான் வழக்கம். இரண்டாம் வகுப்பில் இருப்பதே கவின் ஒருத்தன். செவ்வரத்தம்பூ மாலையோடு கேற்றடியில் நின்றான்.

பத்து மணிக்குப் புதுப் பிள்ளையின் தாய் மட்டும் வந்தாள். பிள்ளையை டவுனில் தன் அக்கா வீட்டில் விட்டு அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாளாம்.

"கோவிக்காதேங்கோ டீச்சர். அவள் ஒருத்தி தனிய ஒரு வகுப்பில இருந்து ஆரோட விளையாடுறது?"

"நீங்க விட்டாத்தானே மற்றவையும் விடுவினம்," என்றாள் சுமதி.

"ஓம். உங்கட மகனும் டவுனிலதானே படிக்கிறான் டீச்சர்."

கவின் வந்து, மாலையை ஆருக்குப் போடுவது என்று கேட்டான். என்னிடம் கொடுக்கச் சொன்னாள் சுமதி.

வெருகலுக்குப் போகிறவர்கள் மத்தியானப் பூசைக்கு முன் போய்ச் சேருங்கள். தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். பின்னேரம் பஸ் குறைவு.

கோயிலில் அந்த மாலையை ஐயரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினேன். முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையைத் தா முருகா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தப் பிள்ளை ஆரோடு விளையாடும்? கேட்க ஏலவில்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.