ஆட்சேபணைக்கு உட்பட்டு ஒரு ஜீப்

விதி எட்டு, உட்பிரிவு மூன்று: போட்டியாளர் எவரும் தமது சொந்த மாவட்டத்தில் நடக்கும் சுற்றில் கலந்துகொள்ளக் கூடாது. அப்படி ஒரு நிலை ஏற்பட்டால் மாற்று இடம் ஏற்பாடு செய்வது அமைப்பாளரின் பொறுப்பு.

ஜோடி ஜோடியாக உலகம் சுற்றும் அந்தத் தொலைக்காட்சிப் போட்டியின் விதிப் புத்தகத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் நான்தான். அதை அச்சடித்தவர்கள் கூடப் படித்திருக்க மாட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது. வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவனுக்கு வழவழப்பான தாளில் அச்சிட்ட விதிகள் கையில் கிடைத்தால் அது மலிவான நாவல் மாதிரி. கீழே வைக்க மனசு வராது.

என்னுடைய ஜோடி என் சம்பந்தி. ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கத்தில் சாமையும் புளியும் விளைவிக்கிறவர். ஆனால் அவரைக் கேட்டால் விவசாயி என்று சொல்ல மாட்டார், ஜீப்காரர் என்பார். மலைக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் இருபது வருஷம் சொந்த ஜீப் ஓட்டியவர். என் மகளும் அவர் மகனும் கல்யாணம் செய்துகொண்ட அன்று எங்கள் இருவருக்கும் சண்டை. பந்தி போடுவதற்கு முன் திருமணப் பதிவுக்கான கையெழுத்துகளை முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். சாட்சி ஒருவர் வர நேரமாகிவிட்டது. மலையிலிருந்து விடியற்காலையே கிளம்பி வந்த அவருடைய சொந்தக்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். "சோத்த நிறுத்தி வெச்சு கையெழுத்து வாங்குற ஆள நான் பாத்ததில்ல" என்று அவர் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார். அதற்கப்புறம் எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் பிள்ளைகள் மூலமாகத்தான். அவர் வீட்டு வாசலை நான் மிதித்ததே இல்லை.

இந்தக் கதையை என் மகள் எழுதிப் போட்டு எங்கள் இருவர் பேரிலும் விண்ணப்பித்துவிட்டாள். பேசிக்கொள்ளாத இரண்டு சம்பந்திகள் என்றதும் தொலைக்காட்சிக்காரர்கள் துள்ளிக் குதித்திருக்கிறார்கள். நான் மறுத்துவிடுவேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் முதல் பரிசு என்ன என்று பார்த்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் புது ஜீப்.

சம்பந்தியின் ஜீப் அதற்கு முந்தின மழைக்காலத்தில் எஞ்சின் உடைந்து புளியமரத்தடியில் நின்றுவிட்டது. அந்தத் தடத்தில் அவருக்கு ஒரு போட்டிக்காரர் உண்டு, அவரைவிட இளையவர். இப்போது சம்பந்தி தன் புளி மூட்டையோடு அந்தப் போட்டிக்காரரின் ஜீப்பில் ஏறித்தான் சந்தைக்கு வர வேண்டும். முன் இருக்கை கிடைக்காது. பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவார். திருப்பத்தூர் பேருந்து நிலையத்தருகே ஒருநாள் அவர் அப்படி வந்து இறங்குவதை நான் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. வென்றால் வண்டி அவருக்கு என்பது பேசாமலே முடிவான விஷயம்.

நாங்கள் பத்து ஜோடிகள். முதல் நாட்டிலேயே திரும்பி வந்துவிடுவோம் என்று எங்கள் வீட்டிலேயே பந்தயம் கட்டியிருந்தார்கள். அப்படி நடக்கவில்லை. ஓடுவதில்தான் எங்களை மிஞ்சுகிறவர்கள் இருந்தார்கள், வரிசையில் நிற்பதில் யாரும் இல்லை. எந்த விமான நிலையத்திலும் எந்தக் கவுன்ட்டரில் கூட்டம் இருந்தும் வேகமாக நகரும், எந்த அதிகாரி தாளைத் தூக்கிப் பார்க்காமலே முத்திரை குத்துவார் என்பதை நான் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். வியட்நாமில் மற்ற ஜோடி இளைஞர்கள் படிவம் நிரப்பப் பேனா தேடிக்கொண்டிருந்தபோது நாங்கள் வெளியே வந்து வண்டி ஏறிவிட்டோம். சம்பந்திக்கு மொழி ஒரு பொருட்டே அல்ல. துருக்கியில் ஒரு வேன் ஓட்டுநரிடம் தமிழிலேயே பேரம் பேசி, பாதி வழியில் ஸ்டியரிங்கையும் வாங்கிக்கொண்டார். அது விதி பன்னிரண்டுக்கு விரோதம் என்று சொல்லி நான் அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். கென்யா போய்ச் சேரும்வரை அதற்காக என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எங்களுக்கு ஏற்கனவே பழக்கம் இருந்ததால் வேகம் குறையவில்லை.

இப்படியே கடைசி மூன்று ஜோடிகளில் ஒன்றாகிவிட்டோம். மற்ற இரண்டில் ஒன்று கல்லூரி ஆசிரியர்களான இரண்டு நண்பர்கள். இன்னொன்று சென்னையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் அண்ணன் தங்கை. அந்த அண்ணனுடைய தோள் அகலத்துக்கு எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தாலும் ஈடாகாது.

பெங்களூரில் இறங்கி இறுதிச் சுற்றின் உறையைப் பிரித்தோம். காவலூர் போக வேண்டும், அங்கிருந்து புதூர்நாடு. அங்கே ஒரு தோட்டத்தில் ஆளுக்கொரு பலாப்பழத்தை எடுத்துக்கொண்டு குன்றின் மேல் நட்டிருக்கும் கொடியை அடைய வேண்டும்.

சம்பந்தி சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தார். நான் நடுவரிடம் போனேன்.

நடந்தது இதுதான். எங்கள் அடையாள அட்டைகளில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது நாங்களும் இடம் மாறவில்லை, அட்டையும் மாறவில்லை. சென்னையில் பாதை போட்டவர் அட்டையைப் பார்த்து எங்களை வேலூரில் வைத்துவிட்டு, திருப்பத்தூரில் இருக்கும் ஜவ்வாது மலையை வேறு மாவட்டம் என்று நிம்மதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நான் விதி எட்டைச் சொன்னேன். நடுவர் புத்தகத்தைப் புரட்டினார். கொடி நட்டாயிற்று, ஆட்கள் மேலே காத்திருக்கிறார்கள், இனி எதையும் மாற்ற முடியாது, ஓடுங்கள் என்றார். ஆட்சேபணைக்கு உட்பட்டு ஓடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன்.

சம்பந்திக்கு முகம் இருண்டுவிட்டது. "இன்னா சம்பந்தி, லட்டு மாதிரி வந்து வாயில வுழுது, நீங்க துப்பிட்டுத்தான் திம்பேன்றீங்களே" என்றார். ஆறு நாடுகளில் அவர் என்னை நேராகச் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

காவலூரில் இறங்கியபோது ஆசிரியர்கள் இருவரும் அவசரத்தில் வந்த வழியே ஆலங்காயம் திரும்பும் பேருந்திலேயே ஏறிப் போய்விட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒரு காருக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அகப்பட்டது ஒரே வண்டி. மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த, சம்பந்தியின் தடத்துப் போட்டிக்காரரின் ஜீப்.

அவர் வண்டியை நிறுத்தி, சம்பந்தியை மேலும் கீழும் பார்த்தார். கேமராவையும் பார்த்தார்.

"இன்னா மாமா, ஒலகமெல்லாம் சுத்திட்டு கடைசில நம்ம வண்டிக்குத்தான் வர்றியா?"

"ஓட்டுடா. அடுத்த மாசம் என் வண்டிக்குப் பின்னாடி புழுதி துன்ன நீ ரெடியா இரு."

"ஏறு ஏறு. பின்னாடிதான் எடம் கீது, தெரியுமில்ல?"

கேமராக்காரரை முன்னால் உட்கார வைத்துவிட்டார். நாங்கள் இருவரும் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் சம்பந்தி எனக்கு எச்சரிக்கை கொடுத்தார், இந்தப் பக்கம் சாய், அந்தப் பக்கம் சாய் என்று. ஓட்டுநர் ஒரு கையால் போனில் யாரிடமோ எங்கள் வரவைச் சொல்லிக்கொண்டே வந்தார். அது என்ன விளைவைத் தரும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

தோட்டத்தில் பலாப்பழங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். குன்றுக்குப் போகும் பாதை சம்பந்தியின் ஊர் வழியாகத்தான். ஊர் முனையில் அவருடைய மனைவி நின்றிருந்தார். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். வாசலில் பாய் விரித்து இலை போட்டாகிவிட்டது.

சம்பந்தி கெஞ்சினார். போட்டி, வண்டி, பின்னால் வருகிறவர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

"சம்பந்தி மொத தடவையா நம்ம வூட்டுக்கு வர்றாங்க. கை நனைக்காம அனுப்ச்சிட்டு நான் ஊர்ல தல காட்டறதா? ஜீப்பு நாளைக்கிகூட வரும். அவர் இன்னிக்கி வந்துகீறாரு."

நான் விதிப் புத்தகத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். போட்டியின் நடுவே சாப்பிடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற விதி என் முன்னால் கரண்டியோடு நின்றது. கல்யாணத்தன்று இந்த ஜனங்களின் சோற்றை நான் காக்க வைத்தேன். இன்று என் ஓட்டத்தை அவர்கள் நிறுத்தினார்கள். கணக்கு நேராகத்தான் இருந்தது. பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு இலை முன் உட்கார்ந்தேன். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, மொச்சைப் பொரியல். சம்பந்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தின்னவும் முடியாமல் எழவும் முடியாமல் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அண்ணனும் தங்கையும் பலாப்பழங்களோடு ஓடி வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்தப் பையன் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. ஆனால் சம்பந்தி வீட்டுக்கு வந்த நாளில் அந்த வழியாக வருகிற எல்லோருமே விருந்தாளிகள்தான் என்பது அவனுக்குத் தெரியாது. பெண்கள் அவர்களுக்கும் இலை போட்டார்கள். பையன் கைகூப்பி மறுத்துவிட்டுத் தாண்டிப் போனான். தங்கை நின்றுவிட்டாள். இலையில் இருப்பது சாமையா என்று கேட்டாள். சென்னையில் அவர்கள் கூடத்துக்கு வருகிறவர்களுக்குச் சிறுதானியத்தைப் பொட்டலம் போட்டு விற்கிறவள் அவள்தானாம். வயலிலிருந்து நேராக வந்ததைத் தின்றதே இல்லையாம். ஒரு வாய் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள்.

அதைவிடப் பெரிய விஷயம் அவர்களுடைய கேமராக்காரர் உட்கார்ந்ததுதான். பல நாளாக விமான நிலைய ரொட்டியைத் தின்று வந்தவர். குழம்பின் வாசனை பட்டதும் கேமராவைப் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டார். விதி ஐந்து: கேமரா உடன் வராமல் எந்த ஜோடியும் முன்னேறக் கூடாது. அண்ணன் பாதையின் நடுவில் நின்று கத்தினான். அந்த அம்மாள் அவனுடைய கேமராக்காரருக்கு இரண்டாம் தடவை சோறு வைத்தார்.

எங்கள் கேமராக்காரர் எங்களோடேயே உட்கார்ந்தவர், முதலில் முடித்துவிட்டார். அவர் மோருக்குக் கை நீட்டியதைப் பார்த்து, மோரைச் சொம்போடு எடுத்துக்கொண்டு நடக்கலாமே தம்பி என்றேன். சம்பந்தி ஏற்கனவே இரண்டு பலாப்பழத்தையும் தூக்கிக்கொண்டிருந்தார். ஆளுக்கொன்று என்பது விதி என்று என்னுடையதைப் பிடுங்கிக்கொண்டேன்.

குன்று ஏறியது எப்படி என்று என் முழங்காலைக் கேட்டால் வேறு கதை சொல்லும். சம்பந்தி முன்னால் போய்க் கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். மேலே போய்ப் பலாப்பழங்களைக் கொடியடியில் வைத்தபோது கீழே அண்ணனின் குரல் மட்டும் கேட்டது. ஊரே குன்றின் அடிவாரத்தில் நின்று கை தட்டியது. போட்டிக்கார ஜீப் ஹாரனை விடாமல் அடித்தது, கேலிக்கா வாழ்த்துக்கா என்று தெரியவில்லை.

வெற்றி அறிவிப்பு வரவில்லை. அண்ணன் புகார் கொடுத்துவிட்டான். சொந்த மாவட்டத்தில் ஓடியது விதி எட்டுக்கு விரோதம், உறவினரை வைத்துச் சோறு போட்டுத் தடுத்தது முறைகேடு. கடைசி நிகழ்ச்சியில் 'முடிவு பரிசீலனையில் உள்ளது' என்ற எழுத்தோடு கொடி மட்டும் காற்றில் ஆடியது.

நான் பதில் மனு எழுதினேன். என் பணிக்காலத்தில் எழுதிய எதையும் விட அதில் எனக்குப் பெருமை. விதி எட்டின் பொறுப்பு அமைப்பாளருடையது. நாங்கள் புறப்படும் முன்பே ஆட்சேபித்தோம். ஓடச் சொன்னது நடுவர், அதற்கு அவர் கையெழுத்து இருக்கிறது. சோறு எல்லோருக்கும் ஒன்றாகவே போடப்பட்டது. மறுத்தவரை யாரும் தடுக்கவில்லை. கேமராக்காரர் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொள்வதைத் தடை செய்யும் விதி எதுவும் இல்லை. பிறகு முதல் நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது.

சம்பந்தி ஒவ்வொரு சந்தை நாளும் அந்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு வந்து, இறங்கி நேராக என் வீட்டுக்கு வருவார். வந்துச்சா என்பார். இல்லை என்றால் காப்பி குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் மட்டும் கொஞ்சம் உடைந்துபோய்ப் பேசினார். தடத்தில் அவரை மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு 'ஒலகம்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். "வண்டி இல்லன்னாகூடப் பரவால்ல. ஜெயிச்சோம்னு ஒருத்தன் சொல்லிட்டா போதும்" என்றார். வண்டியும் வரும் என்றேன். ஒரு கோப்பு எவ்வளவு நாள் தூங்கினாலும் சரியான தாள் உள்ளே இருந்தால் எழுந்தே தீரும் என்பது என் அனுபவம்.

பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். மாடுகளுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். போன் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் உட்கார்ந்திருந்த என் மகள் கூப்பிட்டாள். மின்னஞ்சல். நான் ஏறிப் போய்க் கண்ணாடி போட்டு வாய்விட்டுப் படித்தேன். புகார் தள்ளுபடி. முதலிடம் எங்களுக்கு. வாகனத்தின் பதிவுக்கான ஆவணங்களோடு வர வேண்டும்.

சம்பந்தி கையெல்லாம் நீல வண்ணத்தோடு நின்றார். முதலிடம் என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அதற்குள் அவர் மனைவி உள்ளே போய்ச் சாவி மாட்ட ஆணி அடித்துவிட்டார்.

நான் வழக்கப்படி பதில் பெறப்பட்ட தேதியைக் குறித்துக்கொண்டேன். தை இரண்டு, மாட்டுப் பொங்கல், அரசு விடுமுறை.