என் அக்காளும் அவர் முலாம் பூசிய மோட்டார் விளக்குகளும்

அக்காளின் முதலாம் ஆண்டு ஆராதனைக்கு வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பி எழுதுவது.

ஓர் ஆண்டு கழிந்துவிட்டது என்கிறார்கள். என் மனத்துக்கு அது இன்னும் எட்டவில்லை. போன மாதம் கிள்ளான் பாசாரில் அக்காளுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டைப் பார்த்தேன். எடைபோட்டுத் தாளில் கட்டச் சொன்ன பிறகுதான் அதை யாருக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்பது உறைத்தது. கடைக்காரர் பொட்டலத்தை நீட்டியபடி நிற்க, நான் அதை வாங்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். நோயில் கிடந்தவர்களை இழந்தவர்களுக்கு மனத்தைப் பழக்கிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். எங்களுக்கு அது கிடைக்கவில்லை. முந்தின ஞாயிறு பாமாலை பாடிவிட்டு வந்தவர், அந்த வாரம் முடிவதற்குள் இல்லை.

அக்காள் பிறந்தது கிள்ளானை அடுத்த மேரு என்ற ஊருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். காப்பிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு ரப்பர் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருந்தார். நான் நடக்கப் பழகுமுன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அதன்பின் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அக்காள் சோறு பொங்கினார், அப்பாவுக்குக் கட்டுத்துணி அவித்துக் கொடுத்தார், அரிவாள் வெட்டோடு வந்தவர்களின் காலைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். ஆனாலும் வேதாகமத்தைத் தடங்கலின்றி வாசிப்பார்.

அத்தானுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தபோது அத்தான் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர் நடத்திய ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி விளக்குகளுக்கும் ரேடியேட்டர் கூடுகளுக்கும் முலாம் பூசுவது அவர் வேலை. நம் ஊர் ஈரக் காற்றில் நிக்கல் முலாம் சீக்கிரமே புள்ளி விழுந்து உரிந்துவிடும். விளக்கின் உள்பக்கத்து வெள்ளி கறுத்துப்போனால் எதிரே ஒன்றும் தெரியாது. பழைய வண்டி வாங்கியவர்கள் அவற்றைப் புதிதாக்கித் தரும் ஆளைத் தேடி அலைந்தார்கள். அதனால் அத்தான் துணிந்து பட்டறையை விட்டு வெளியே வந்தார். அதே ஊரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீடு எடுத்து, அதன் பின்புறம் தகரக் கொட்டகை போட்டுத் தொழிலைத் தொடங்கினார்.

தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த நாளில்தான் அந்த விபத்து நேர்ந்தது. துரு எடுக்கும் திராவகச் சாடி கைதவறிச் சிதறி, அத்தானின் இரண்டு கண்களிலும் தெறித்தது. ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தபோது அவருக்கு வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

அவர் வீடு திரும்பிய அன்று நான் அங்கே இருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அத்தான் சொன்னார்: "கொட்டாயில இருக்கிற சாமானெல்லாம் எவனுக்காச்சும் வித்துடு. இனிமே அது நமக்கு எதுக்கு?"

அக்காள் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். "எதுக்கு விக்கணும்? உங்க வாய் நல்லாத்தான இருக்கு, என் கையும் நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் செய்யுறேன்."

"பொம்பள செய்யுற வேலையா அது?"

"சட்டி பானை விளக்குற வேலைதான? கொஞ்சம் பெரிய சட்டி" என்றார் அக்காள்.

அவர் சொன்ன அளவுக்கு அது எளிதாக இருக்கவில்லை. பழைய முலாமை எடுக்க வேண்டும், பித்தளையைத் தேய்த்து மழமழப்பாக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்குத் துளியும் இல்லாமல் சுண்ணாம்புக் குழம்பால் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கை படக்கூடாது. செம்புக் கம்பியில் கட்டிக் கரைசலில் தொங்கவிட்டு, பேட்டரியின் மின்சாரத்தைப் பாய்ச்ச வேண்டும். அவசரப்பட்டால் முலாம் கருகிவிடும். அக்காளின் முதல் விளக்குகள் வெங்காயத் தோல்போல உரிந்து வந்தன. அத்தான் அவற்றை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

"எங்கியோ விரல் பட்டிருக்கு."

"படல."

"பட்டிருக்கு. இந்தா, இந்த ஓரத்துல."

அக்காள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அந்த ஓரத்தில் அவருடைய விரல்ரேகை அப்படியே இருக்கும். இருவரும் சிரித்துவிடுவார்கள். அந்த வீட்டில் மறுபடியும் சிரிப்புக் கேட்டது அந்த நாட்களில்தான். பிறகு ஒரு நாள் அத்தான் ஒரு விளக்கை நெடுநேரம் தடவிவிட்டு, திருப்பித் தராமல் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். அக்காள் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அம்பாங்கில் ஈயச் சுரங்கம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் அழைப்பவர், மண்ணும் தண்ணீரும் புகுந்து கெட்டுப்போன ஒரு பழைய வண்டியின் விளக்குகளையும் ரேடியேட்டர் கூட்டையும் லோரியில் போட்டுக்கொண்டு வந்தார். மகளின் கல்யாணத்துக்கு அந்த வண்டிதான் போக வேண்டுமாம். வேறு இடத்தில் எல்லாரும் கைவிரித்துவிட்டார்கள். அக்காள் அவற்றோடு பல நாள் போராடினார். தையல் மெஷின்போலக் காலால் மிதிக்கும் பாலிஷ் சக்கரத்தில் உட்கார்ந்து எழும்போது அவருடைய முகமும் புடவையும் கரியாக இருக்கும், பற்கள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். தவுக்கே வந்து பார்த்தபோது "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாய் மொழியில் பாராட்டிக் கூவினார். விளக்குக்குள் முகத்தை விட்டுத் தம்முடைய தாடை மச்சத்தின் முடியை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கத் தொடங்கினார்.

"என்னைய ஏன் தவுக்கே குலுக்குறீங்க? நான் அதைப் பாத்ததுகூட இல்ல லா" என்றார் அத்தான்.

தவுக்கே சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தார். அக்காள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு சிரித்த அக்காள், கொட்டகை விஷயத்தில் மட்டும் விளையாட மாட்டார். வெள்ளி முலாமுக்கான கரைசலில் சயனைடு சேர்ந்திருக்கும். அது உயிர் கொல்லும் நஞ்சு. திராவகத்தோடு அது கலந்தால் எழும் ஆவி அதைவிடக் கொடியது. அதனால் ஒன்றைக் கொட்டகையின் இந்த மூலையிலும் மற்றதை அந்த மூலையிலும் வைத்திருந்தார். "இந்த ரெண்டு குடும்பமும் ஒருநாளும் சம்பந்தம் பண்ணிக்கக் கூடாது" என்பார். கொட்டகைக்குள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அண்டை வீட்டுப் பிள்ளைகள் வேலிப் பக்கம் வந்தால் விரட்டுவார். விரட்டிவிட்டு முன்வாசலுக்கு வந்து அவர்களுக்குப் பணியாரம் கொடுப்பார். அக்காளுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை.

இனி எழுத வேண்டியதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு வெள்ளத்தில் ஆறு கரையை மீறிப் பிரிக்பீல்ட்ஸுக்குள் வந்தது உங்களுக்குத் தெரியும். அக்காளின் வீடு கொஞ்சம் உயரமான அடித்தளத்தில் கட்டியது. ஆகவே காலையிலேயே பள்ளத்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு அங்கே வந்துவிட்டார்கள். பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் அண்ணனும் தம் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தார். அக்காள் எல்லாருக்கும் கஞ்சி வைத்தார். நண்பகல் தாண்டியதும் தண்ணீர் பின்புறத்துக் கொட்டகையை நெருங்கிவிட்டது. கொட்டகை வீட்டைவிடத் தாழ்ந்த இடம். சயனைடு இருந்த இரண்டு சாடிகளும் கவிழ்ந்தால் அந்தத் தண்ணீர் ஏறி ஏறிப் பிள்ளைகள் இருக்கும் வாசலுக்கு வரும்.

"நான் போறேன். எனக்கு அங்க இருட்டும் வெளிச்சமும் ஒண்ணுதான், எது எங்க இருக்குன்னு தெரியும்" என்று அத்தான் எழுந்திருக்கிறார்.

"நீங்க உக்காருங்க. ரெண்டு சாடிய மேல தூக்கி வச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அக்காள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போயிருக்கிறார்.

முதல் சாடியை அவர் மேல்பரணில் ஏற்றிவிட்டார். அதற்குள் வெள்ளம் மறுபக்கத்துச் சுவர்த் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, திராவகச் சாடியைப் புரட்டி இரண்டாம் சாடியின்மேல் மோதிவிட்டது. வெளியே இருந்தவர்களுக்குக் சாடி உடையும் சத்தம் கேட்டது. உடனே அக்காளின் குரல்.

"யாரும் வராதீங்க! கிட்ட வராதீங்க!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு குரல் இல்லை.

ராவுத்தர் அண்ணன் கதவை இடித்திருக்கிறார். உள்ளே தாழ் போட்டிருந்தது. பிறகு அவரும் மற்றவர்களும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, கூரைத் தகரத்தைக் காற்று வரும் பக்கமாகப் பிய்த்து எறிந்து, ஆவி கலைந்த பின் இறங்கி அக்காளைத் தூக்கி வந்தார்கள். கதவுக்கு எட்டும் தூரத்தில் கிடந்தாராம். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

எனக்கு எதுவும் தெரியாது. தந்தி வேலை செய்யவில்லை, ரயில் ஓடவில்லை. நான் கிள்ளான் நிலையத்தில் சரக்குப் பகுதிக் குமாஸ்தா. மறுநாள் தண்டவாளத்தைச் சோதிக்கப் புறப்பட்டவர்களின் டிராலியில் கெஞ்சி இடம் வாங்கினேன். அக்காள் வீட்டுச் சேற்றைக் கழுவ உதவலாம் என்று ஒரு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டேன். மிச்ச தூரத்தை நடந்தே போனேன். தெருமுனையில் ராவுத்தர் அண்ணன் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, வீட்டுக்குப் போவாதீங்க. உங்க சபைப் பள்ளிக்கூடத்துக்கு வாங்க."

"அங்க ஏன்?"

"தங்கச்சி அங்கதான் இருக்கு."

அக்காள் அங்கே பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். வகுப்பறைக்குள் நுழைந்து, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி மூடிக் கிடத்தியிருந்ததைக் கண்ட பிறகும் "அக்கா எங்கே?" என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. அத்தான் தலைமாட்டில் உட்கார்ந்து அக்காளின் நெற்றியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்த அடி அங்கேயே விழுந்தது. சபை மூப்பர்களில் ஒருவர், கெட்ட எண்ணத்தோடு அல்ல, தயங்கித் தயங்கிப் போதகர் ஐயாவிடம் சொன்னார்: "வீட்ல நஞ்சு இருந்திருக்கு. கதவு உள்ள தாழ் போட்டிருந்திருக்கு. புருஷனுக்குக் கண்ணும் இல்ல, பிள்ளையும் இல்ல. தானாவே உயிர விட்டுட்டதா ஊருல பேசிக்கிறாங்க, ஐயா. அப்படிச் செத்தவங்கள நம்ம கல்லறையில எப்படி..."

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. நான் அவர்மேல் பாய்ந்திருப்பேன். அதற்குள் ராவுத்தர் அண்ணன் வாசல்படியிலிருந்து பேசினார்.

"ஐயா, நான் வேற மார்க்கம். ஆனா என் காதால கேட்டதைச் சொல்லணும். சாகப்போறவங்க 'கிட்ட வராதீங்க'ன்னு எங்களைக் காப்பாத்துவாங்களா? ஒரு சாடிய மூடி, கயித்தால இறுக்கிக் கட்டி, மேல வச்சிருக்கு அந்தத் தங்கச்சி. அது அங்கயே இருக்கு, வந்து பாருங்க."

"அப்போ தாழ் எதுக்கு?" என்று மூப்பர் மெதுவாகக் கேட்டார்.

எல்லாரும் அத்தான் பக்கம் திரும்பினோம்.

அத்தான் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்காகப் போட்டா" என்றார். "உள்ள போன உடனே தாழ் போட்ட சத்தம் எனக்குக் கேட்டுது. நான் பின்னாலயே எறங்கி வந்துடுவேன்னு அவளுக்குத் தெரியும். வரத்தான் செஞ்சேன். இந்த ராவுத்தர்தான் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. கதவு தொறந்திருந்தா நானும் உள்ளதான் கெடப்பேன், ஐயா."

போதகர் ஐயா சவப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு அந்த மூப்பரே முன்னால் வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கத் தோள் கொடுத்தார். சேறு காயாத பாதையில் அக்காளைச் சபைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

அத்தான் இப்போது கிள்ளானில் எங்களோடு இருக்கிறார். பரணில் இருந்த சாடியை, இரசாயனம் தெரிந்த ஓர் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டோம். அந்த வீட்டு வாசலில் அன்று கஞ்சி குடித்த பிள்ளைகள் அத்தனை பேரும் நலமாக இருக்கிறார்கள்.

எங்கள் துயரத்தில் கூட நின்ற அனைவருக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கும், சபையாருக்கும், வெள்ளத்தில் தம் வீடே நனைந்து கிடக்க எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மலர் வளையம் அனுப்பிய அம்பாங் தவுக்கேவுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. கூரைத் தகரம் கிழித்த தழும்பு ராவுத்தர் அண்ணனின் உள்ளங்கைகளில் இன்னும் இருக்கிறது. என் அக்காளைத் தூக்கி வந்தவையும் அத்தானை விடாமல் பிடித்துக்கொண்டவையும் அந்தக் கைகள்தான். அவற்றுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.