பிஸ்டல் வாங்கப் போன கணக்கு டீச்சர்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தேர்தல் அறிவிப்பு வந்த வாரத்தில், ஆரணி கடைத்தெருவில் உள்ள துப்பாக்கிக் கடைக்குள் முதன்முறையாக நுழைந்தேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் சேவூரில் வீட்டோடு சேர்த்துப் பட்டுத்தறிகள் வைத்திருக்கிறார். எங்கள் இரு குடும்பத்திலும் துப்பாக்கியைத் தொட்டவர் ஒருவரும் இல்லை.

நான் அங்கே போய் நின்ற கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, எங்கள் பள்ளிப் பெண்கள் சிலரை வேலூரில் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போகும் வேலையை என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகள் சுட்டு முடித்ததும் பயிற்சியாளர், "நீங்களும் ஒண்ணு ட்ரை பண்ணுங்க மேடம்" என்று காற்றுப் பிஸ்டலை நீட்டினார். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை. குறிபார்த்துச் சுட்ட அந்த ஒரு நிமிடத்தில், திருத்தாத விடைத்தாள், அரைக்காத இட்லி மாவு, எல்லாமே தலையிலிருந்து காணாமல் போயின. பிள்ளைகள் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு வருடமாகியும் என் மதிப்பெண் ஏறவே இல்லை. குண்டு நடுவில் விழாமல் ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனது. கிளப் பிஸ்டல் பழசு, அதுதான் கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். சில மாதங்களில் மாவட்டப் போட்டி வேறு வந்துகொண்டிருந்தது; சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். காற்றுப் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆதார் காட்டினால் போதும் என்றார் பயிற்சியாளர்.

கடையில் கூட்டம். காட்டுப்பன்றியை விரட்ட லைசென்ஸ் வாங்கியிருந்த விவசாயிகள் நாலைந்து பேர், தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும், "ஜெராக்ஸ் கடை பக்கத்து கதவும்மா" என்றார், உதவி செய்யும் குரலில்.

"எனக்கு பிஸ்டல் வேணும்" என்றேன். பெஞ்சில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஊரில் எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு என்னைப் பள்ளி டீச்சராகத் தெரியும். அவர் மட்டும் முகம் மாறவில்லை. "உக்காருங்க டீச்சர். எந்தப் போட்டிக்கு ரெடி ஆகினு இருக்கீங்க?" என்று கேட்டு, பயிற்சியாளர் எழுதித் தந்த மாடலையே எடுத்து வந்தார். உள்ளே குண்டு இல்லை என்று திறந்து காட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் புள்ளியைக் குறிபார்க்கச் சொன்னார். வலது கையை நீட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். புது பிஸ்டல் கையில் பளபளத்தது. அவர் ஒரு நோட்டைத் தள்ளி, பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நான் எழுதுவது இடது கையால். அதற்காகச் சிறு வயதில் வாங்கிய அடி கொஞ்சமல்ல. சாப்பிடுவது, கும்பிடுவது, பொருள் வாங்குவது எல்லாவற்றையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பாய், பிஸ்டலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "கோச்சுக்காதீங்க டீச்சர். இது உங்களுக்கு வாணாம்ங்க."

பெஞ்சில் யாரோ இருமினார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "ஏன், பொம்பளைங்களுக்கு விக்க மாட்டீங்களா?"

"அய்யோ, அப்டி இல்லீங்க. உங்க கை..."

கை நடுங்குகிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவரைப் பேசி முடிக்க விடாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். படி இறங்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "டீச்சர், வீட்டுக்குப் போய் ஒரு பேப்பர்ல ஓட்டை போட்டுப் பாருங்க."

கேலி செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். சென்னைக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன் என்று வீட்டில் குதித்தேன். கணவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேப்பர்ல ஓட்டை எதுக்கு சொன்னாரு?" என்று போனில் தேட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு தாளின் நடுவில் சிறிய ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார்.

"இதை நீட்டிப் புடி. ஓட்டை வழியா அந்த காலண்டரைப் பாரு. இப்போ வலது கண்ணை மூடு."

மூடினேன். காலண்டர் அப்படியே தெரிந்தது.

"இடது கண்ணை மூடு."

காலண்டர் காணவில்லை. வெறும் தாள்தான் தெரிந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் அதேதான். என் கண்களில் குறிபார்ப்பது இடது கண். ஒரு வருடமாக நான் பிஸ்டலைப் பிடித்ததோ வலது கையில். குண்டு ஏன் ஒதுங்கியது என்று அப்போதுதான் உறைத்தது. பாய் கேலி செய்யவில்லை என்பதும்தான்.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன். "பாய், நேத்து நான் பேசினது தப்பு" என்று ஆரம்பித்தேன்.

"அதை விடுங்க டீச்சர். நான் சொல்லிகினு இருக்கேன், நீங்க அவ்ளோ ஜல்தியா எழுந்து பூட்டீங்க" என்று சிரித்தார். பிஸ்டல் நல்ல பிஸ்டல்தான், ஆனால் அதன் மரக் கைப்பிடி வலது கைக்குச் செதுக்கியது, இடது கைப்பிடியை வெளியூரிலிருந்து வரவழைத்தால் போட்டி முடிந்துவிடும் என்று விளக்கினார். "நீங்க சரின்னு சொன்னா நானே செதுக்கித் தரேன்."

ஜாக்கெட்டுக்கு அளவு எடுப்பது மாதிரி என் கைக்கு அளவு எடுத்தார். பிசைந்த களிமண் உருண்டையைக் கொடுத்து, இடது கையால் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். என் விரல்கள் பதிந்த அந்த மண்ணைப் பார்த்துப் பார்த்து மரத்தைச் செதுக்கினார். நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம், உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசி நாள் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அடி வாங்கிய அந்தக் கைக்கென்றே ஒருவர் செய்து தந்த முதல் பொருள் அது.

பயிற்சியாளருக்கு இது பிடிக்கவில்லை. "போட்டிக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. இப்போ போய் கை மாத்தறீங்களே மேடம்" என்றார். முதல் இரண்டு வாரம் அவர் சொன்னதுதான் சரி என்று தோன்றியது. தோள் வலி உயிரை எடுத்தது. தினமும் காலையில், தறிச் சத்தத்துக்கு நடுவே, வெள்ளைச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாத பிஸ்டலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் கை நிலைக்கு வந்தது. ஐந்தாவது வாரம் பயிற்சியாளர் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, தானே அடுத்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

போட்டி நாள் வந்தது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் பிரிவில் நாங்கள் ஏழே பேர். ஆனால் எல்லாப் பிரிவினரும் ஒரே வரிசையில் நின்றுதான் சுட்டோம். என் பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி, கல்லாகச் சமைந்து நின்றாள். என் முதல் குண்டு அட்டையின் நடுக் கறுப்பைத் தொடாமல் வெள்ளையில் விழுந்தது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு, உள்ளங்கையைத் துடைத்து, மூச்சை இழுத்து விட்டேன். அடுத்தது பத்துக்கு ஒன்பது. அதற்கடுத்தது பத்து. மறுபடி பத்து. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கணக்கு டீச்சர் எண்ணாமல் இருந்த ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அறுபது குண்டும் முடிந்து பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். என் பிரிவில் என் பெயர் முதலில் இருந்தது. மாநிலப் போட்டிக்குத் தேவையான மதிப்பெண்ணைவிடவும் கூடுதல். பக்கத்தில் நின்று சுட்ட அந்தக் கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, என்னைவிட ரெண்டு பாயின்ட் அதிகம் எடுத்துட்டீங்க" என்று என் இடது கையைப் பிடித்துக் குலுக்கினாள். பயிற்சியாளர் வந்து, "நான்தான் தப்பு மேடம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பஸ்ஸில் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் மெடலோடும் சுட்ட அட்டைகளோடும் கடைக்குப் போனேன். பாய் மெடலை ஒரு பார்வைதான் பார்த்தார். அட்டைகளைத்தான் வெகுநேரம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் நைந்துபோயிருந்த ஒன்றை எடுத்து, "இதை நான் வெச்சுக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். அது இன்றும் அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது.

அன்று அவர் அந்தப் பிஸ்டலைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன், காலமெல்லாம் தோற்றுக்கொண்டும் இருந்திருப்பேன்; அதனால்தான் 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று யாராவது சொன்னால், எழுந்து போவதற்கு முன், 'அப்படியானால் எனக்கு எது சரியாக வரும்?' என்று கேட்டு, பதில் முடியும்வரை உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டேன்.