பிரேசிலுக்கு ஏழு பேர்

எங்கள் வீட்டில் ஏழு பேர் பிரேசிலுக்கு உல்லாசப் பயணம் போவதாக இருந்தோம். ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்குப் போய் ஒரு புடவை எடுப்பதற்கே ராகுகாலம், சூலம் எல்லாம் பார்க்கிற வீடு. எனக்கு அப்போது பத்து வயது. வகுப்பில் என்னைத் தவிர வேறு எவளும் கப்பலேறப் போவதில்லை என்பதால் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

பெரியப்பா அங்கே ஒரு நூற்பாலையில் வேலையாக இருந்தார். போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா எங்களோடுதான் இருந்தாள். அவளை அனுப்பிவைக்கும்படி பெரியப்பா முன்பே ஒருமுறை எழுதிக் கேட்டிருந்தார். "அவளை அனுப்பிட்டா ஆத்துல தளிகை யார் பண்றது? அவன் திரும்பி வரட்டும்" என்று தாத்தா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அம்மாவின் சமையலில் சாற்றமுதுகூட அவருக்குத் தொண்டையில் இறங்காது. கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். வீட்டில் அவருக்கு மறுபேச்சு கிடையாது. எனக்குப் புருஷனோடு இருக்க வேண்டும் என்று மாமனார் முன்னால் நின்று சொல்ல அந்தக் காலத்தில் எந்த மருமகளுக்கு நா எழும்?

சித்தப்பா திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா, கல்யாணமாகாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தா திருப்தியாகச் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்.

"அண்ணா காகிதம் போட்டிருக்கார். குடும்பத்தோட எல்லாரும் வந்து இருந்துட்டுப் போங்கோங்கறார். டிக்கெட் அவர் பொறுப்பாம். நாள் மட்டும் நாம சொன்னாப் போறுமாம்."

தாத்தா வெற்றிலையை மடித்தபடி யோசித்தார். "அங்க காவேரியைவிடப் பெரிய ஆறு ஒண்ணு இருக்காமே?"

"பத்துக் காவேரிப்பா."

மறுநாளே நாலு சித்திரை வீதியிலும், "நாங்க குடும்பத்தோட பிரேசில் போறோம்" என்று தாத்தா சொல்லி முடித்துவிட்டார். அம்மா கப்பலுக்கென்று அப்பளம் இட ஆரம்பித்தாள். சித்தப்பா ஒரு பெரிய பழுப்புக் காகிதத்தைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, ரயில்வே அட்டவணை மாதிரி கட்டம் போட்டார். கப்பல் கிளம்பும் நாள் நீலப் பென்சில். கோயில் உற்சவம் சிவப்பு. அந்தக் காகிதத்துக்கு எதிரே உட்கார்ந்து அவரை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு கெட்டிக்காரர் உலகத்தில் இல்லை என்று தோன்றும்.

போக, வர, இருக்க என்று நாலு மாதம் வேண்டும். நம்பெருமாள் வீதிக்கு எழுந்தருளாத நாலு மாதம் ஸ்ரீரங்கத்தில் ஏது? சித்திரைத் தேர் முடிந்து கிளம்பலாம் என்றார் சித்தப்பா. ஆனியில் ஜ்யேஷ்டாபிஷேகத்தை விட முடியாது என்றார் தாத்தா. உடனே சித்தப்பா ஆடிக்குத் தள்ளினார். அப்படியானால் தாயார் சன்னிதி நவராத்திரி போய்விடுமே என்றாள் அம்மா. முகம் வாடிப்போய் மறுபடியும் காகிதத்தை அளந்தார் சித்தப்பா. கடைசியில், "கார்த்திகைக் கடைசியிலதான் கப்பல் இருக்கு. வேற வழியில்லே" என்றார்.

அது வைகுண்ட ஏகாதசிக்கு ஊரில் இல்லாமல் போகிற கணக்கு. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் பெருமாளை விட்டுட்டு வரதா இல்லே. நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ."

தாத்தா இருந்தால் அவருக்குத் தளிகை பண்ண ஆள் வேண்டுமே என்று அம்மா நின்றுகொண்டாள். அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு இல்லை. அவர்கள் இல்லாமல் நானும் தம்பியும் எங்கே போவது? ஜங்ஷனில் தனக்கும் லீவு தரமாட்டார்கள் என்று சித்தப்பா மெல்லச் சொன்னார். ஏழு பேரில் மிஞ்சியது பெரியம்மா ஒருத்தி.

"போனாப் போறது. அண்ணாவுக்கு யாரும் வரலேன்னு எழுதிடறேன்" என்றார் சித்தப்பா.

தாத்தாவுக்குச் சுருக்கென்றது. "ஒருத்தருமே போகலேன்னா நாலு வீதியிலும் சிரிக்க மாட்டாளா? பெரியவ போகட்டும். ஆம்படையான் இருக்கிற எடம்தானே."

எல்லோருக்கும் பாஸ்போர்ட் எடுப்பதாகச் சொல்லியிருந்த சித்தப்பா, அதுவரை எடுத்திருந்தது பெரியம்மாவுக்கு மட்டும். அதே ஆலையில் வேலை பார்க்கும் ஒரு கோயம்புத்தூர்க்காரரின் குடும்பம் அதே கப்பலில் போவதும் எப்படியோ அவருக்குத் தெரிந்திருந்தது.

பல வருஷம் கழித்து, பெரியப்பாவின் அந்தக் கடிதம் என் கைக்கு வந்தது. அதில் குடும்பம் என்ற பேச்சே இல்லை. அவளை எப்படியாவது அனுப்பிவை என்று தம்பியைக் கெஞ்சியிருந்தார், அவ்வளவுதான். தாத்தாவோடு ஒரு சண்டை இல்லை, யாருக்கும் ஒரு மனத்தாங்கல் இல்லை. அனுப்ப மாட்டேன் என்றவர் வாயாலேயே அனுப்பச் சொல்ல வைத்தார் என் சித்தப்பா. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் அன்றைக்கு ஜங்ஷனில் எனக்கு ஒன்றும் தெரியாது. ரயில் நகர்ந்தபோது, பெரியம்மா ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டே, தன்னைவிடச் சின்னவரான மைத்துனரைப் பார்த்துக் கைகூப்பினாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"உனக்கு நாள் பார்க்கவே தெரியலே சித்தப்பா. எல்லாரும் கழண்டுண்டுட்டா. பாவம், பெரியம்மா மட்டும் தனியா மாட்டிண்டுட்டா."

"ஆமாண்டி கொழந்தே. எனக்குச் சாமர்த்தியம் போறலே" என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.